டின்னோடு வைத்த நாரத்தை

அழகர்சாமிக்குக் குழி வெட்டத் தெரியும், செடி வளர்க்கத் தெரியாது. டெல்லியில் விவசாய மந்திரி ஆபீசான கிருஷி பவனில் ஆயுசு பூராவும் வேலை பார்த்தவருக்கா தெரியாது என்று கேட்பீர்கள். அங்கே அவர் பார்த்தது ஃபைலை ஐயா, பயிரை இல்லை. பயிரை அவர் பார்த்ததெல்லாம் லீவில் மதுரைக்குப் போகும்போது ரயில் ஜன்னல் வழியாகத்தான். வீட்டில் செடி, கொடி, மரம் என்பது மனைவி தாயம்மாளின் இலாகா. அவள் காட்டுகிற இடத்தில், சொல்லுகிற ஆழத்துக்கு இவர் குழி வெட்டுவார். "போதும், மேல வாங்க" என்பாள். மண்வெட்டியைக் கழுவிச் சாத்திவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார்.

அந்தக் குழியும் சாதாரணக் குழி இல்லை. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

தாயம்மாள் கல்யாணமாகி டெல்லிக்கு வந்த புதிதில் லோதி காலனி குவார்ட்டர்ஸின் பின்பக்கம் ஆசை ஆசையாக ஒரு முருங்கை நட்டாள். மரம் ஓங்கி, காய் இறங்குகிற சமயத்தில் இவருக்குப் பிரமோஷன் வந்தது. சரோஜினி நகரில் கொஞ்சம் பெரிய வீடு. மாறிப்போனார்கள். சில மாதம் கழித்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் புளியும் அப்பளமும் வாங்கப் போனவள், பக்கம்தானே, ஒரு எட்டு பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருக்கிறாள். புதிதாகக் குடிவந்த புண்ணியவான், ஸ்கூட்டர் நிறுத்த இடம் வேண்டும் என்று மரத்தை அடியோடு வெட்டிப் போட்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாள் காலையில் காபியை அவர் முன்னால் டக்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே இந்த சர்க்கார் மண்ணுல ஒரு கொத்தமல்லி வெதை போட மாட்டேன். எல்லாம் தகரந்தான். போற எடத்துக்குத் தூக்கிட்டுப் போறோம்."

சொன்னபடியே செய்தாள். டால்டா டின், மண்ணெண்ணெய் டின், ஓட்டை வாளி, விளிம்பு உடைந்த மண்தொட்டி என்று எது கிடைத்தாலும் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு மண்ணை நிரப்பிவிடுவாள். செம்பருத்தி, நந்தியாவட்டை, மல்லிகை, கறிவேப்பிலை எல்லாம் தகரத்தில் குடும்பம் நடத்தின. சரோஜினி நகரிலிருந்து ஆர்.கே. புரத்துக்கு வந்தபோது டெம்போவில் முதலில் ஏறியது செடிகள்தான். பீரோ அடுத்த டிரிப்பில் வந்தது.

தகரத்தில் ஒரு தொல்லை உண்டு. டெல்லி வெயில் தெரியுமல்லவா? சித்திரை பிறந்துவிட்டால் லூ என்கிற அனல் காற்று அடிக்க ஆரம்பிக்கும். தகரத்தைத் தொட்டால் கை பொசுங்கும், உள்ளே வேர் வெந்துபோகும். அதற்குத் தாயம்மாள் ஒரு வழி வைத்திருந்தாள். வெயில் ஏறுமுன் தோட்டத்தில் டின் அளவுக்குச் சரியாகக் குழி வெட்டச் சொல்லி, டின்னை அப்படியே கழுத்துவரைக்கும் மண்ணுக்குள் இறக்கிவிடுவாள். உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். ஆடியில் முதல் மழை விழுந்த கையோடு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குழியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். மழைச் சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்தே குரல் வரும்: "ஏங்க, மழ வந்துருச்சு, எடுங்க!" இவர் பேப்பரை மடித்துவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எழுந்திருப்பார். வருஷா வருஷம் இறக்குவதும் எடுப்பதும்தான் அழகர்சாமியின் தோட்டக்கலை. ஏன் இறக்குகிறோம், ஏன் எடுக்கிறோம் என்று அவர் கேட்டதில்லை. நமக்கெதுக்கு வம்பு என்று இருந்துவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் தாயம்மாளுக்கு உசிர் ஒரு நாரத்தைமேல். மதுரையிலிருந்து யாரோ கொண்டுவந்த நாரத்தம் பழத்தின் விதை. டால்டா டின்னில் முளைத்து, மண்ணெண்ணெய் டின்னுக்கு மாறி, ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் பூக்கும். வீடெல்லாம் வாசனை வரும். ஒரு பிஞ்சு நிற்காது, அத்தனையும் கொட்டிவிடும். அவளோ விட்டுக்கொடுக்க மாட்டாள். "அதுக்குக் கால் நீட்ட எடமில்ல, என்ன பண்ணும் பாவம்? சொந்த மண்ணு வரட்டும். இந்தத் தகரத்த வெட்டி எறிஞ்சுட்டு இவளச் சம்மணம் போட்டு உக்கார வைக்கிறேன். அப்பறம் பாருங்க காய்க்கிறத" என்பாள். மரத்தைப் போய் இவள் என்று சொல்லுவாள்.

டெல்லி சர்க்கார் கட்டி விற்கிற டி.டி.ஏ. வீட்டுக்குப் பதிவு செய்தபோதும் அவளுக்கு ஒரே பேச்சுத்தான். கீழ் வீடு வேண்டும். மாடி விழுந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். "மாடியில வச்சு நான் என்ன காத்தயா குடிக்கப்போறேன்?" என்று கேட்டாள். அழகர்சாமி சரி என்றார்.

எண்பத்தொன்றாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை, இட்லித் தட்டை இறக்கிவிட்டு, நெஞ்சைப் பிசைகிறது என்று சொல்லி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பங்குனிக் கடைசியில் இவர் ரிட்டயர் ஆனார். சித்திரையில் ஜனக்புரியில் வீடு ஒதுக்கி வந்தது. கீழ் வீடுதான். முன்னால் பட்டையாக ஒரு தோட்டத்து நிலமும் உண்டு. அடப் பாவி மனுஷி, இன்னும் ரெண்டு மாசம் இருந்திருக்கக் கூடாதா?

அழகர்சாமி அழவில்லை. ஆஸ்பத்திரியில் அழவில்லை, யமுனைக்கரை நிகம்போத் சுடுகாட்டில் கொள்ளி வைத்தபோதும் அழவில்லை. காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார், சொன்ன இடத்தில் உட்கார்ந்தார், தலையைக் குனி என்றால் குனிந்தார். ஆபீஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "சாமி சார் என்ன தைரியம்!" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். தைரியமாம், தைரியம்! மரத்துப்போன காலில் முள் குத்தினால் தெரியுமா? அது தைரியமா? பார்க்க வந்தவர்களுக்குக் கண்ணும் இல்லை, புத்தியும் இல்லை.

அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டது ரசமா மோரா என்று கேட்டால் யோசிப்பார். காலையில் பால் பூத் வரிசையில் நின்று, முறை வந்ததும் பாத்திரத்தை நீட்ட மறந்து நிற்பார். பின்னால் இருப்பவர் "பாய்சாப், ஆகே!" என்று முன்னால் போகச் சொல்லித் தோளைத் தட்டுவார். யார் எது கேட்டாலும் இரண்டே பதில்தான். சரி. இல்லாவிட்டால், பாப்போம்.

அந்தச் சித்திரையில் குழி வெட்டவும் இல்லை. யாரும் வெட்டச் சொல்லவில்லை. வெயிலில் வெந்து செத்திருக்க வேண்டிய செடிகளை அவர் மகள் வள்ளியம்மைதான் காப்பாற்றினாள். நேரு பிளேஸில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள், கல்யாணமாகிக் கால்காஜியில் இருக்கிறாள். ஆபீஸ் விட்டு பஸ் பிடித்து வந்து, டின்களை வராந்தா நிழலுக்கு இழுத்துப்போட்டு, ஈரச் சாக்கைச் சுற்றிவைத்தாள். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனி முடிவில் வீடு மாறினார்கள். டெம்போக்கார சர்தார்ஜி பீரோவுக்கும் கூலருக்கும் நடுவில் நாரத்தையை நிறுத்தி, மரம் ஆடாமலிருக்கக் கயிறு கட்டினார். புது வீட்டில் சுண்ணாம்பு வாசனை அடித்தது. மாடியில் சாவ்லா குடும்பம். மிஸஸ் சாவ்லா இறங்கி வந்து நாரத்தை இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, "நிம்பூ?" என்று கேட்டாள். எலுமிச்சையா என்கிறாள். இவர் தலையாட்டினார். நாரத்தைக்கு ஹிந்தியில் என்ன பெயர் என்று தாயம்மாளுக்குத்தான் தெரியும், அவளும் அதை நாரத்தை என்றேதான் ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆடியில் முதல் மழை கொட்டி ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை. வள்ளி புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மருமகன் வடிவேல் நல்ல பிள்ளை, பெல் கம்பெனியில் இன்ஜினியர். மாமனாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், ஃபியூஸ் பாக்ஸைச் சரிபார்க்கிறேன் என்று உள்ளே போய்விட்டான்.

"அப்பா, மண்ணு நல்லா ஊறியிருக்கு. இன்னிக்கே எல்லாத்தையும் நம்ம மண்ணுல நட்டுடலாம்" என்றாள் வள்ளி.

"சரி" என்றார்.

மண்வெட்டியை எடுத்தார். கை பழக்கம்தான், வேறென்ன. டின்னைப் பக்கத்தில் வைத்து, விளிம்பை ஒட்டிக் கோடு கிழித்து, கோட்டின் மேலேயே வெட்டினார். கீழே நல்ல மண்ணே இல்லை. வீடு கட்டினவன் செங்கல் துண்டு, காரை, சிமென்ட் கட்டி என்று மிஞ்சிய குப்பையையெல்லாம் தோட்டத்தில் கொட்டி மேலே ஒரு பூச்சுக் களிமண்ணைப் போட்டு மூடிவிட்டிருந்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் ணங் ணங் என்றது. அவர் நிறுத்தவில்லை. கையில் கொப்புளம் வந்ததைக்கூடப் பார்க்கவில்லை. டின் உள்ளே போய் உட்காருகிற அளவுக்கு, பக்கத்தில் ஒரு விரல் நுழைய இடமில்லாமல், அச்சடித்த மாதிரி ஒரு குழி.

வள்ளி உள்ளேயிருந்து தகரம் வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்தாள். தாயம்மாளுடையதுதான். வள்ளி குனிந்து டின்னின் விளிம்பில் கத்தரியை வைத்தாள்.

"இருக்கட்டும்" என்றார்.

"என்னப்பா?"

"தகரம் இருக்கட்டும். அப்படியே வச்சிருவோம்."

"டின்னோடவா? அதாவது, டின்னோடயே பூமிக்குள்ள?"

"ம். பின்னாடி எடுக்கணும்னா வசதியா இருக்கும்ல."

வள்ளி நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு எடுக்கணும்? இது நம்ம சொந்த வீடுப்பா. இங்கேயிருந்து யார் நம்மளக் கிளப்பப் போறாங்க?"

அவர் பாட்டுக்கு டின்னின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டால் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல அப்படி ஒரு பிடி.

"அம்மா என்ன சொன்னாங்க? தகரத்த வெட்டிட்டு வைக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்காங்க? நீங்களும்தான கேட்டீங்க?"

"கேட்டேன்."

"அப்பறம்?"

"பாப்போம். இப்ப இருக்கட்டும் வள்ளி."

அவள் சண்டை போட்டிருக்கலாம். அம்மாவாக இருந்தால் கத்தரியால் அவர் கையிலேயே ஒரு தட்டுத் தட்டியிருப்பாள். வள்ளிக்கு அந்தத் தைரியம் இல்லை. மாசியிலிருந்து அவள் அப்பாவைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள். அவர் அழாததால் அவளும் அவர் முன்னால் அழவில்லை. அழுகை வந்தால் ஆபீஸ் பாத்ரூமில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வருவாள். இந்த மனுஷனை இழுத்தால் எது எங்கே அறுந்து வருமோ என்று அவளுக்கு நடுக்கம். கத்தரியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

நாரத்தையை டின்னோடு இறக்கினார்கள். மற்றவற்றையும் அப்படியே, தகரம் தகரமாக, தொட்டி தொட்டியாக. வேலை முடிந்ததும் தோட்டம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. யார் பார்த்தாலும் செடிகள் மண்ணில் நிற்கின்றன என்றுதான் சொல்வார்கள். மிஸஸ் சாவ்லா மாடியிலிருந்து, "பஹுத் அச்சா, பாய்சாப்!" என்று மெச்சினாள். வடிவேல் வெளியே வந்து பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, பெண்டாட்டி கண்ணைக் காட்டியதும் மூடிக்கொண்டான்.

அந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை. ஆவணி பூராவும் ஊற்றித் தள்ளியது. பந்த் ரோடு, பாலம் ஏர்போர்ட் பக்கம் எல்லாம் தண்ணீர் என்று பேப்பரில் படம் போட்டான். அழகர்சாமி வராந்தாவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்தார். குழிகளைச் சுற்றித் தண்ணீர் தளும்பி நின்றதையும் பார்த்தார். பார்த்தால் போதுமா? ஒவ்வொரு மழைக்கும் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, எழுந்திருக்கப் போகிறவர்போல் கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு பின்னால் சாய்ந்துகொள்வார். எதற்காக அப்படிச் செய்கிறோம் என்று அவருக்கே தெரியாது.

புரட்டாசி பிறந்ததும் நாரத்தை இலை வெளுக்க ஆரம்பித்தது. முதலில் அடி இலைகள், பிறகு நடுவில். தொட்டால் உதிர்ந்தது. மிஸஸ் சாவ்லா இறங்கி வந்து, "பாய்சாப், யே தோ சூக் ரஹா ஹை" என்றாள். காய்கிறதாம். காய்ந்தால் என்ன செய்ய வேண்டும்? தண்ணீர் ஊற்ற வேண்டும். அழகர்சாமி காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த வள்ளி மரத்தைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தோட்டத்துக்குள் போனாள்.

"அப்பா, டின்னை வெட்டிடலாம்பா. ப்ளீஸ். இன்னிக்கே வெட்டிடலாம்."

"மழ நிக்கட்டும், பாப்போம்."

"எல்லாத்துக்கும் பாப்போம், பாப்போம்! அம்மா வச்சிட்டுப் போனது இது ஒண்ணுதான்பா. இதுவும் போயிடுச்சுன்னா..." அவள் சட்டென்று திரும்பினாள். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். கழுவின பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

"போகாது வள்ளி" என்றார் வெளியேயிருந்து. அவளுக்குக் கேட்டதோ இல்லையோ.

அவள் போனபின்பு அவர் மரத்தின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். இது சாகக் கூடாது என்று தோன்றியது. மாசிக்குப் பிறகு அவர் மனசில் தானாக எழுந்த முதல் ஆசை அதுதான். பசி, தூக்கம், கோபம் எதுவும் இல்லாத மனுஷனுக்கு இந்த ஒன்று மட்டும் வேண்டியிருந்தது. அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி தண்ணீர். மறுநாளிலிருந்து மத்தியானமும் ஒரு வாளி சேர்ந்துகொண்டது. ஐயோ, யாராவது அந்த வாளியைப் பிடுங்கி எறிந்திருக்கக் கூடாதா? எவ்வளவு அக்கறையாக ஊற்றினார் தெரியுமா? தண்ணீர் வேகமாக விழுந்து மண் அரிக்கக் கூடாதென்று, கையைக் குவித்துப் பிடித்து, விரலிடுக்கு வழியாக விட்டார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கடைசி இலையும் விழுந்தது. காற்றில் லேசாகக் குளிர் வந்துவிட்டிருந்தது. தெருவில் வெள்ளையடிக்கிறவர்கள் ஏணியோடு போய்க்கொண்டிருந்தார்கள். அழகர்சாமி பால் வாங்கி வந்து வைத்துவிட்டு, காய்ச்சாமல், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

யாரும் சொல்லி அவர் போகவில்லை. ஆயுசில் முதல் தடவையாகத் தானாகப் போனார்.

டின்னைச் சுற்றிக் கிளறி, கம்பியைப் பிடித்து இழுத்தார். கம்பி துருவேறிக் கையோடு வந்துவிட்டது. வயிற்றோடு அணைத்துத் தூக்கினார். சளக்கென்று சேறு விட்டுக்கொடுத்து, டின் வெளியே வந்தது. சாக்கடை நாற்றம் அடித்தது. தாயம்மாள் ஆணியால் போட்ட ஓட்டைகளைக் களிமண் அப்பி அடைத்திருந்தது. அத்தனை மழையும், அவர் ஊற்றின அத்தனை வாளியும் போக வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கின்றன.

உள்ளே போய்க் கத்தரியைக் கொண்டுவந்தார். அவர் அதைப் பிடித்ததே கிடையாது. தகரம் துருப்பிடித்து மெலிந்திருந்ததால் சுலபமாகவே வெட்டுப்பட்டது. நாலு பக்கமும் விரித்ததும் மண் அப்படியே டின் அச்சில் சதுரமாக நின்றது. அதன்மேல் வேர்கள் சுற்றிச் சுற்றி, மூலைக்கு மூலை மடங்கித் திரும்பி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. எல்லாம் கறுப்பு. ஒன்றை இழுத்துப் பார்த்தார். தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. உள்ளே நார்தான் மிச்சம்.

மரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கத் தாயம்மாள் நகத்தால் பட்டையைச் சுரண்டுவாள். பட்டைக்குக் கீழே பச்சை தெரிந்தால் இருக்கிறது என்று அர்த்தம். அழகர்சாமி நுனியில் சுரண்டினார். பழுப்பு. கொஞ்சம் கீழே சுரண்டினார். பழுப்பு. கவையில், நடுத்தண்டில், கீழே இன்னும் கீழே என்று முட்டிபோட்டு இறங்கி, மண்ணை ஒட்டிய அடித்தண்டு வரைக்கும் சுரண்டிப் பார்த்தார். நகக்கண்ணில் ரத்தம் வந்துவிட்டது. எங்கேயும் பச்சை இல்லை. மரம் செத்துப் பல நாள் ஆகிவிட்டது. செத்த மரத்துக்குத்தான் அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஏன் வெட்டவில்லை? வள்ளி கேட்டபோது தெரியாத பதில் இப்போது தெரிந்தது. தகரத்தை வெட்டிவிட்டால் மரம் இனிமேல் இங்கேதான். எடுங்க என்று சொல்ல ஆள் வேண்டியதில்லை. டின்னோடு இருந்தால், மழை வந்தால் எடுத்தாக வேண்டும், எடுக்கவேண்டுமென்றால் சொல்ல ஒருத்தி வர வேண்டும். ஆவணி பூராவும் நாற்காலி விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்தது அதற்குத்தான். சமையலறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு, படித்தவர், உத்தியோகம் பார்த்தவர், பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர், அவள் கூப்பிடுவாள் என்று உட்கார்ந்திருந்திருக்கிறார். அவள் கூப்பிடவில்லை. இனி எந்த ஆடிக்கும் கூப்பிடப் போவதில்லை.

எழுந்தார். கையைக் கழுவத் தோன்றவில்லை. வீட்டைத் திறந்தபடியே போட்டுவிட்டு மார்க்கெட்டுக்கு நடந்தார். மருந்துக்கடையில்தான் ஃபோன் இருந்தது. கடைக்காரப் பையன் அவர் வேட்டியையும் கையையும் பார்த்துவிட்டு, "க்யா ஹுவா, அங்கிள்ஜி? சோட் லகீ?" என்று பஞ்சை எடுத்தான். அடிபட்டதா என்று கேட்கிறான். அவர் தலையை ஆட்டிவிட்டு ஃபோனைக் காட்டினார். மகளுடைய ஆபீஸ் நம்பரைச் சுற்றும்போது எண்களின்மேல் சேறு அப்பியது.

யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, ஒருவழியாக வள்ளி வந்தாள். பின்னால் டைப்ரைட்டர் சத்தம் கேட்டது.

"அப்பா? என்னப்பா ஆபீசுக்கு ஃபோன்? உடம்புக்கு என்ன?"

"வள்ளி."

"சொல்லுங்கப்பா, நான்தான்."

"அம்மா செத்துப் போயிட்டாம்மா."

டைப்ரைட்டர் சத்தத்துக்கு மேலே அவள் குரல் எழும்பியது.

"அப்பா... என்ன சொல்றீங்க? அம்மா மாசியிலயே..."

"ஆமா. மாசியிலயே போயிட்டா. எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அவரிடமிருந்து ஏதோ ஒரு சத்தம் வெளியே வந்தது. மருந்து வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையன் அவசர அவசரமாக ஸ்டூலைத் தள்ளிவிட்டான். அழகர்சாமி உட்காரவில்லை. கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டு, நின்றபடி, வாயை மூடத் தெரியாமல் அழுதார்.

அந்தப் பக்கமும் அழுகைதான். இந்தத் தடவை அவள் பாத்ரூமுக்கு ஓடவில்லை, ஆபீஸ் நடுவில் நின்றே அழுதாள்.

"நான் இப்பவே வர்றேன்பா" என்றாள் வள்ளி. "ஃபோனை மட்டும் வச்சிராதீங்க."